தோற்றாலும் கோச், ஜெயித்தாலும் கோச்

இந்தியக் கால்பந்து அணி தோற்றுவிட்டால் போதும், மறுநாள் காலையில் தீர்ப்பு தயார். வெளிநாட்டு கோச்சுக்கு நம் பையன்களைத் தெரியவில்லை, டாலரில் சம்பளம் வாங்குகிறார், தரவரிசையைப் பாருங்கள், அனுப்பிவிடுங்கள். அனுப்பிக்கொண்டும் இருக்கிறோம். ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் 2019 ஜனவரியில் தானே விலகினார். இகோர் ஸ்டிமாச் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்கேஸ் 2025 ஜூலையில் பேசி முடித்துக்கொண்டு கிளம்பினார். மூன்று பேரையும் வழியனுப்பிய பிறகு, 2025 நவம்பரில் ஃபிஃபா பட்டியலில் இந்தியாவின் இடம் 142.

அந்தத் தரவரிசைதான் கோச்சின் மதிப்பெண் பட்டியல் என்று நம்புகிறவர்கள், எண் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே இல்லை. கான்ஸ்டன்டைன் 2015இல் பொறுப்பேற்ற புதிதில் இந்தியா 173ஆவது இடத்தில் கிடந்தது. 2017 ஜூலையில் 96. பெரிய ஏற்றம்தான். ஆனால் இடையில் வீழ்த்திய அணிகளில் லாவோஸ், நேபாளம், போர்ட்டோ ரிக்கோ எல்லாம் உண்டு. எதிரியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஆடியதில் குற்றமில்லை, கெட்டிக்காரத்தனம்கூட. அதை நம் ஆட்டத்தின் தரம் என்று நாம் நினைத்துக்கொண்டதுதான் கோளாறு. ஸ்டிமாச் கதையும் இதேதான். 2023இல் இம்பால், புவனேஸ்வர், பெங்களூரு என்று மூன்று தொடர்கள், மூன்று கோப்பைகள், மூன்றும் சொந்த மண்ணில். ஜூலையில் இந்தியா 99. அடுத்த ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. பிப்ரவரியில் 117. ஏழே மாதத்தில் அதே மனிதர் மேதையிலிருந்து மோசடிக்காரர் ஆகிவிட்டாரா? மாறியது எதிரணி.

தனி ஆட்டத்தின் முடிவாவது நியாயமான அளவுகோலா? 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று வென்ற இந்தியா, கடைசி லீக் ஆட்டத்தில் பஹ்ரைனோடு டிரா செய்தாலே அடுத்த சுற்று. ஆசியக் கோப்பை வரலாற்றில் இந்தியா முதல்முறையாக நாக்-அவுட்டுக்குப் போயிருக்கும். 90 நிமிடமும் 0-0. கூடுதல் நேரத்தில் ஒரு ஃபவுல், ஒரு பெனால்டி, எல்லாம் முடிந்தது. அன்றிரவே கான்ஸ்டன்டைன் ராஜினாமா. அந்த ஒரு பெனால்டி இல்லாவிட்டால் அவரை நாம் எங்கே தூக்கி வைத்திருப்போம்! 2024 ஜூனில் தோஹாவில் கத்தாருக்கு எதிராக 1-0 என்று முன்னிலையில் இருந்தோம். எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கோலாக்கினார்கள், நடுவர் அனுமதித்தார். பிறகு இன்னொரு கோல், 2-1 தோல்வி. ஆறே நாளில் ஸ்டிமாச்சின் வேலை போயிற்று.

கிளப் கோச் தன் ஆட்டக்காரர்களைத் தினமும் பார்க்கிறார். தேசிய கோச்சுக்குக் கிடைப்பது சில நாட்கள். ஃபிஃபா ஒதுக்கிய நாட்களைத் தவிர மற்ற நேரத்தில் ஆட்டக்காரரை அனுப்ப வேண்டிய கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுக்கு என்ன நடந்தது? இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடங்கும் நேரம் என்று கிளப்புகள் கைவிரித்தன. கடைசி நிமிடம் வரை யார் வருவார்கள் என்றே தெரியாமல் சேர்ந்த அணி, முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள்தான் சீனா போய்ச் சேர்ந்தது. சேர்ந்து ஒரு முழுப் பயிற்சிகூட இல்லை. சீனா 5, இந்தியா 1. இதில் கோச்சை எந்தப் பாடத்தில் ஃபெயில் போடுவது?

கோல் வரவில்லை என்பது அடுத்த குற்றச்சாட்டு. ஐ.எஸ்.எல்.லில் ஒவ்வொரு அணியும் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவரை இறக்கலாம். முன்வரிசை நடுவில் நிற்பவர் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்தான். வருடம் முழுக்க கிளப்பில் ஓரமாகவோ பெஞ்சிலோ இருக்கும் பையனை, தேசிய கோச் பத்து நாளில் ஸ்ட்ரைக்கர் ஆக்கிவிட வேண்டுமாம். 94 கோல்களோடு ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை, 40 வயதில், 2025 மார்ச்சில் மார்க்கேஸ் திரும்ப அழைத்தார். வந்தவர் மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். மார்க்கேஸ் காலத்தில் இந்தியா வென்ற ஒரே ஆட்டம் அது.

கோச்சுகள் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில், மூத்த வீரர்கள் பலர் இல்லாமல் வந்த ஆப்கானிஸ்தானிடம் 1-0 முன்னிலையைக் கடைசி இருபது நிமிடத்தில் தொலைத்துத் தோற்றது ஸ்டிமாச்சின் கணக்குதான். யாரை எடுத்தார், யாரை மாற்றினார், முன்னிலையை எப்படிக் காத்தார் என்பதெல்லாம் அவர் கையில் இருந்தவை. ஒரே தொடரில் இரண்டு முறை சிவப்பு அட்டை வாங்கி வெளியே நின்றதும் அவர் பொறுப்பு. மார்க்கேஸ் கோவா கிளப்பையும் தேசிய அணியையும் ஒரே நேரத்தில் நடத்தினாரே, அது யார் பொறுப்பு? கையெழுத்துப் போட்டது இந்தியக் கால்பந்துச் சம்மேளனம்.

சரி, உள்ளூர் ஆள் வந்தால் தீரும் என்றார்கள். 2017இல் ஐஸ்வால் கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கிய காலித் ஜமில் 2025 ஆகஸ்டில் வந்தார். நல்ல கோச், அதில் சந்தேகமில்லை. மத்திய ஆசியத் தொடரில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாம் இடம் பிடித்தார். அக்டோபரில் கோவாவில் சிங்கப்பூரிடம் முன்னிலை பெற்றும் 1-2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பை கைநழுவியது. நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. இதே முடிவுகள் மார்க்கேஸ் பெயரில் வந்திருந்தால் கூச்சல் எப்படி இருந்திருக்கும்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

உள்ளூர் கோச்சுக்கு உதாரணமாக எல்லோரும் சொல்வது ரஹீம் சாகிபை. 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்கள், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஆனால் அவருடைய ஆட்டக்காரர்கள் பலர் ஹைதராபாத்தில், அவரே பயிற்சி கொடுத்த போலீஸ் அணியில், தினமும் அவர் கண்முன் ஆடியவர்கள். அந்த வசதியை அவருக்குப் பின் வந்த எந்த கோச்சுக்கு, எந்த நாட்டுக்காரருக்கு, நாம் கொடுத்தோம்?

அடுத்த முறை இந்தியா தோற்கும்போது கோச்சின் பாஸ்போர்ட்டைத் தேடாதீர்கள். முகாம் எத்தனை நாள் நடந்தது, எந்த கிளப் யாரை அனுப்பவில்லை, இந்திய ஸ்ட்ரைக்கர்கள் லீக்கில் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டிய சம்மேளனத்தின் அலுவலகம் புது டெல்லி துவாரகாவில் இருக்கிறது. மூன்று கோச்சுகள் போனபோதும் அது அங்கேயேதான் இருந்தது.