சோடி போட்டு ஆடினால் யாருக்கு என்ன?

நிலாவெளியில ஒரு வீட்டுச் சீமெந்துத் தரையில, வெறுங்காலோட, போன் வீடியோவைப் பார்த்து நாங்கள் ஆறு பேர் சா-சா-சா பழகத் தொடங்கினோம். மூன்றாம் நாளே ஒரு பெரியவர் வந்து கேட்டார்: "பெடியனும் பெட்டையும் கையைப் பிடிச்சு ஆடுறது எங்கட கலாசாரமோ?" அவர் வீட்டுக் கலியாணத்தில விடிய விடிய பைலாதான் ஓடினது. வயசுக்கு மரியாதை குடுத்துப் பேசாமல் இருந்தோம். இங்கே பேசுகிறோம்.

பைலா எங்கட சொல்லே இல்லை. போர்த்துக்கீச மொழியில் 'பைலார்' என்றால் ஆடுவது. கோணேசர் கோயிலை இடித்த கல்லில் கோட்டை கட்டினவர்களின் மொழி அது. அந்த வடு எங்களுக்கும் இருக்கு. ஆனால் 1639இல் ஒல்லாந்தர் அந்தக் கோட்டையைப் பிடித்த பிறகும் இங்கேயே தங்கிவிட்ட பறங்கியர் எங்கட அயலவர்கள். திருகோணமலைப் பாலையூற்றிலும் மட்டக்களப்பிலும் தச்சு வேலை, கொல்லு வேலை செய்து, எங்களோடு தமிழில் கதைத்து வாழ்கிற சனம். அவர்கள் கலியாண வீடுகளில் வயலினும் றபானும் ஒலிக்க, ஆணும் பெண்ணுமாகக் கஃப்ரிஞ்ஞா ஆடுவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். 1940களில் வொலி பஸ்தியன் அந்தத் தாளத்தில் சிங்களப் பாட்டுக் கட்டினார். பிறகு ஏ.ஈ. மனோகரன் தமிழிலும் பாட, எல்லாரும் ஆடினோம். கிழக்கில் சோடி நடனம் நேற்று இன்ஸ்டகிராமில் வந்து இறங்கினதில்லை.

'எங்கட கலாசாரம்' என்று காட்டுகிற பரதத்தின் கதை மட்டும் என்ன? நூறு வருசத்துக்கு முன் அது சதிர். மரியாதையான வீட்டுப் பிள்ளைகள் ஆடக்கூடாது என்றார்கள். ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவைத் தொடங்கியது 1936இல்தான். இன்றைக்கு அரங்கேற்றத்துக்கு மண்டபம் கிடைக்கிறதே பெரும்பாடு.

ஆக, பிரச்சினை நடனம் இல்லை, கை. அந்தக் கை என்ன செய்யுது என்று ஒருக்கா வந்து பாருங்கோ. உடம்புப் பாரம் எந்தக் காலுக்குப் போகுது என்று மற்றவருக்குச் சொல்லுது, அவ்வளவுதான். இழுத்தால் அடி பிழைக்கும். கேட்டுத்தான் பிடிக்க வேணும், அவள் விட்டால் விட வேணும். பஸ்ஸில வேணுமென்று இடிக்கிற கையிட்டை ஒருத்தரும் கலாசாரம் கேட்டதாக எங்களுக்கு ஞாபகமில்லை.

மற்றப் பக்கமும் எங்களுக்குக் கோபம் இருக்கு. லத்தீன் நடனம் என்றால் இங்கிலீசு, விலைகூடின சப்பாத்து, ஹோட்டல் மண்டபம் என்று நினைக்கிற ஆக்கள். சம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என்ற ஐந்துக்கும் பாடத்திட்டம் போட்டது லண்டன்காரர். சா-சா-சாவை 1950களின் தொடக்கத்தில் கியூபாவில் உருவாக்கின என்ரிக்கே ஹொரினோ, சிக்கலான தாளத்தில் கால் தடுமாறின சாதாரண சனத்துக்காகத்தான் இசையை இலகுவாக்கினார். காலைத் தேய்க்கிற சத்தம்தான் அதன் பேரே. எங்கட சீமெந்துத் தரையில அது நல்லாவே கேட்குது.

இலகு என்று சொன்னாலும் முதல் கிழமை நாறினோம். ரும்பாவில் 'ஒன்று'க்கு நிற்க வேணும், 'இரண்டு'க்குத்தான் அடி. மிருதங்கம் படித்த தோழிக்கு மட்டும் உடனே பிடிபட்டது, "எடுப்புத் தள்ளி வருது, அவ்வளவுதானே" என்றாள். இடுப்பை ஆட்டவே கூடாதாம். முழங்காலை நிமிர்த்திப் பாரத்தை முழுசா மாற்றினால் இடுப்பு தானாகவே வரும். ஆண் நடத்த வேணும், பெண் தொடர வேணும் என்ற விதியை இரண்டாம் நாளே தூக்கி எறிந்தோம். மாறி மாறி நடத்துகிறோம். நடத்தப்படுகிற பக்கம் நின்று பார்த்த பிறகுதான் எங்கட பெடியளுக்குத் தாங்கள் எவ்வளவு இழுக்கிறோம் என்று விளங்கினது.

ஒரு வெட்கத்தையும் சொல்ல வேணும். ஹவானா அடி தேடின நாங்கள் பாலையூற்றுக்கு ஒருநாளும் போனதில்லை. இத்தனைக்கும் அது பஸ்ஸில போய்வாற தூரம். வாற போயாவுக்குப் போறம். கஃப்ரிஞ்ஞா தெரிந்த ஆச்சிமார் யாரும் சொல்லித்தருவினமோ என்று கேட்கப்போறம். அந்தப் பெரியவரும் விரும்பினால் வரலாம், பஸ்ஸில சீட் பிடிச்சு வைக்கிறம்.