வெடித்தது ஒரு நாள்... தைராய்டு கட்டி தெரிந்தது 9 வருஷம் கழிச்சு! ரோங்கெலாப் தீவில் நடந்தது என்ன?

பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளின் பிக்கினியில் 1954 மார்ச் 1-ம் தேதி அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. பெயர், காசில் பிராவோ. அதன் சக்தி 15 மெகாடன்; ஹிரோஷிமா குண்டைப் போல சுமார் 1,000 மடங்கு. விஞ்ஞானிகள் போட்ட கணக்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல்!

தப்பிக்க முடியவில்லையா?

ரோங்கெலாப் தீவு அங்கிருந்து சுமார் 150 கி.மீ. தூரம். திருச்சியிலிருந்து மதுரையைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. குழந்தைகள் அதில் விளையாடினார்கள். ஸ்ரீரங்கமும் தீவுதான், ஆனா காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சி. ரோங்கெலாப்பில் அந்த வசதி கிடையாது. மீட்புக் கப்பல் வர இரண்டு நாள் ஆனது. அதுவரை சாம்பல் கலந்த தண்ணீரும் உணவும்தான்.

ஏன் தைராய்டு?

ஹார்மோன் சுரக்க தைராய்டுக்கு அயோடின் வேண்டும். நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று அதுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் இழுத்து வைத்துக்கொள்ளும். குழந்தைகளின் சுரப்பி சின்னது என்பதால் அவர்களுக்குப் பாதிப்பு அதிகம்.

அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகக் குறையும். மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட காலி. ஆனா அது உண்டாக்கிய சேதம் உள்ளேயே இருந்தது. 1963-ல்தான் முதல் தைராய்டு கட்டி தெரிந்தது. வெடிப்பின்போது 10 வயதுக்குள் இருந்த ரோங்கெலாப் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் கட்டி வந்தது. சிலருக்குப் புற்றுநோய். ஹார்மோன் குறைந்து வளர்ச்சி நின்ற சிறுவர்களும் உண்டு.

1957-ல் மக்கள் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். மண்ணில் கதிரியக்கம் மிச்சமிருப்பதாக அஞ்சி, 1985-ல் மறுபடியும் வெளியேறினார்கள்.

இந்தியா என்ன சொன்னது?

பிராவோ வெடித்த ஒரே மாதத்தில், 1954 ஏப்ரல் 2-ம் தேதி, அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று பிரதமர் நேரு நாடாளுமன்றத்தில் கேட்டார். வான்வெளிச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்தது 1963-ல். முதல் கட்டி தெரிந்த அதே வருஷம்!

நாம் கவனிக்க வேண்டியது?

நம் ஊரில் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். இங்கே ஹார்மோன் குறைபாட்டுக்குப் பெரும்பாலும் உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான் காரணம். அணு விபத்து நேர்ந்தால் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை உதவும். ஆனா கதிர்வீச்சு வருவதற்குச் சற்று முன்போ, உடனடியாகவோ, அரசு சொன்னால் மட்டுமே சாப்பிட வேண்டும். அயோடின் உப்பு அதற்கு ஈடாகாது. அதைவிட முக்கியம், பாதிக்கப்பட்ட குழந்தைகளை 'நல்லாத்தானே இருக்காங்க' என்று விட்டுவிடாமல் பல பத்தாண்டுகள் பரிசோதிப்பது.