மலைக்கு ஓர் எண்ணெய், கடலுக்கு ஓர் எண்ணெய்

திருத்தணி மலைப்பாதையில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் மூச்சு வாங்க ஏறுவதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அதைக் குளிர்விப்பது வெறும் காற்று, உடம்பெல்லாம் கொதிக்கும். அவ்வுஷ்ணத்தில் சேரும் கரியைக் கழுவ, அதன் எண்ணெயில் சாம்பல் தரும் உலோகச் சரக்கைக் கலக்கிறார்கள்.

நம் ஜில்லாவின் பழவேற்காட்டிலே படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினோ கடல் ஜலத்தை உறிஞ்சிக் குளிர்வது. உப்பு உள்ளே பொருக்காகப் படியலாகாது என்று, பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரி சென்டிகிரேடிலேயே திறந்துவிடுகிறது. இக்குளிர்ச்சியில் ஸ்கூட்டர் எண்ணெயின் சாம்பல் ஸ்பார்க் பிளக்கில் அப்பிக்கொள்ளும், பொறி எழாது. சாலையிலானால் இறங்கித் தள்ளலாம். முகத்துவாரத்து அலையில் என் செய்வது? படகுக்காரரின் பிழைப்பு மட்டுமன்று, பிராணனும் அந்த டப்பாவில் இருக்கிறது.

‘எல்லாம் ஒரே டூ-டி எண்ணெய்தான்’ என்பது கடைவீதிச் சாஸ்திரம். டப்பாவில் ‘டிசி-டபிள்யூ 3’ என்றிருந்தால் அது சாம்பலற்ற படகு எண்ணெய். மிச்சத்தை ஸ்கூட்டருக்கு ஊற்றினாலோ, மலை ஏறும் சூட்டில் கரி கட்டிப் பிஸ்டன் வளையம் ஒட்டிக்கொள்ளும்.