தண்ணி கொடுத்தா மதமாற்றமா?

பழனி மலைக் கிராமம் ஒன்றில் சர்ச் தொண்டு அமைப்பு ஒரு தண்ணித் தொட்டி கட்டினால் போதும். "மதம் மாத்த வந்துட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது.

அவங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க தெருமுனை அடிபம்ப் எங்கிருந்து வந்துச்சு தெரியுமா?

1960-களின் வறட்சிக்குப் பிறகு போர் போட்டு மாட்டிய வார்ப்பிரும்பு பம்புகள் ஊருக்கு ஊர் உடைந்து கிடந்தன. மகாராஷ்டிராவில் ஜால்னா, சோலாப்பூர் ஊர்களில் கிணறு தோண்டிக் கொண்டிருந்த கிறிஸ்தவ மிஷன்காரர்கள்தான், ஊரே அடித்தாலும் தாங்குகிற எஃகு பம்பைச் செய்தார்கள். சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, 1970-களில் யுனிசெஃப்பும் சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் க்ரூடாஸ் ஆலையும் உருவாக்கியதுதான் 'இந்தியா மார்க் 2'. சோதித்துப் பார்த்தது நம்ம கோயம்புத்தூர்ப் பக்கம். பிறகு ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. அந்தக் கைப்பிடியை அடிச்சுத் தண்ணி பிடிச்ச நம்ம அப்பத்தாக்கள் எல்லாம் மதம் மாறிட்டாங்களா?

மலையில் தேவை பம்ப் இல்லை, குழாய். மேட்டில் ஊற்று, பள்ளத்தில் வீடு. ஊற்றுக்கண்ணில் சின்னத் தடுப்பு, மணல் வடிகட்டி, ஒரு தொட்டி. கரண்ட் வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஆனா பார்த்துக்க ஆள் வேணும். இலை அடைக்கும், காட்டுமாடு மிதிக்கும், ஐப்பசி மழையில் மண் சரிந்து குழாயையே இழுத்துப் போகும். டெண்டர் விட்டுப் போட்டோ எடுத்துப் போகிறவர்கள் அதற்குத் திரும்பி வருவதில்லை.

பேரிஜம் ஏரித் தண்ணி பெரியகுளத்துக்குப் போகிறது. வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு, மருதாநதி அணைகள் நிறைவதும் இந்த மலையில் பெய்கிற மழையில்தான். போகட்டும், கீழே இருப்பவர்களும் நம்ம ஜனம்தான். ஆனா அதே மலையில் குடத்தோடு ஓடைக்கு இறங்குகிற பளியர் பெண்களுக்கு என்ன பதில்?

ஒன்றிய அரசு 2019-ல் ஜல் ஜீவன் அறிவித்தது. 2024-க்குள் ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும் குழாய், தலைக்கு 55 லிட்டர் என்றார்கள். இப்போ கெடு 2028. இதற்கு நடுவில், 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, பெரிய அமைப்பு தன் நிதியைச் சின்ன அமைப்புக்குப் பகிர்ந்து தரவே கூடாது என்று அடைத்தார்கள். தப்பு செய்தவனைப் பிடி, கணக்கு கேள், வேண்டாங்கலை. மலையில் நாலு குழாய் மாட்டுகிற சின்ன அமைப்பு என்ன பாவம் செய்தது? நீயும் தரமாட்டே, தர்றவனையும் விடமாட்டே!

மாநில அரசும் நழுவ முடியாது. ஜல் ஜீவன் செலவில் பாதி இவர்களுடையது. "வனத்துறை அனுமதி இல்லை" என்ற பல்லவி இனி வேண்டாம். வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) குடிநீர்க் குழாய்க்கு வழி விடுகிறது. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான இடம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரை. இவ்வளவுதான் நிபந்தனை.

தொண்டு செய்தவர்களுக்கு நன்றி, மனசார. ஆனா ஃபாதர் மனசு வெச்சாத்தான் தண்ணி என்ற நிலைமை அவர்களுக்குப் பெருமை, ஆட்சியில் இருப்பவர்களுக்கு அவமானம்.

மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபை. மலைத் தோழர்கள் ஒருத்தர் விடாமல் போங்க. பிரிவு 3(2)-ஐச் சொல்லி, எந்த ஊற்று, எந்தக் குடியிருப்பு என்று பெயர் போட்டுத் தீர்மானம் எழுதச் சொல்லுங்க. நகலைக் கையோட வாங்கிட்டு வாங்க.

#குடிநீர்_உரிமை #பழனிமலை