கோபோலுக்குக் கருமாதி வேண்டாம்

"கோபோல், ஃபாக்ஸ்புரோ எல்லாம் செத்த கணினி மொழிகள், படித்தவன் நடுத்தெருவில் நிற்பான்" என்கிறார் நண்பர். ஆதாரம் தியோபி தரவரிசையாம். அது இணையத் தேடலில் வரும் முடிவுகளை எண்ணிப் போடும் பட்டியலுங்க. எத்தனை நிரல் ஓடுகிறது, யாருக்குச் சம்பளம் வருகிறது என்பதெல்லாம் அதில் இருக்காது.

விஷுவல் ஃபாக்ஸ்புரோவை 2015இல் மைக்ரோசாஃப்ட் கைகழுவியது. ஆனால் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, ஈரோட்டுப் பழைய ஜவுளிக் கடைகளின் பில்லில் எச்எஸ்என் குறியீட்டுக்கும், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிக்கும் தனித்தனிக் கட்டம் போட யாரைக் கூப்பிட்டார்கள்? ஃபாக்ஸ்புரோ தெரிந்த நடுவயதுக்காரரைத்தான். பைத்தான் படித்த பையன் ஃபாக்ஸ்புரோவின் டிபிஎஃப் கோப்பைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கமாட்டான்.

2020 ஏப்ரலில் வேலையிழந்தோர் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்து அரசுக் கணினிகள் திணறியபோது, நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்களைப் பகிரங்கமாக அழைத்தார். 1959இல் உருவாகத் தொடங்கிய மொழி அது! (சம்பளமில்லாத் தொண்டர்களாகத்தான் கூப்பிட்டார் என்பது வேறு கதை.)

புதிதாக வேலை தேடுபவருக்கு கோபோல் மட்டும் சோறு போடாது, நிஜம்தான். கோபோல் வேலையில் மதிப்பு மொழிக்கல்ல; வட்டிக் கணக்கும், ராத்திரியில் ஓடும் பேட்ச் வேலையும் புரிந்த அனுபவத்துக்கு. பிளஸ் டூவில் பைத்தான் வைத்திருப்பது நல்லதே. ஆனால் சென்னையில் கோபோல் ஓடும் மெயின்ஃப்ரேம் வேலையில் போடப்பட்ட பிள்ளையிடம் "விட்டுட்டு வா" என்று சொல்லாதீர்கள். வங்கிக் கணக்கு உள்ளே எப்படி நடக்கிறது என்பதைச் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளட்டும்.