பட்டை யாரைக் காப்பாற்றுகிறது?

பெரிய ரவுட்டரில் கை வைப்பதற்கு முன் பொறியாளர் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிக்கொள்வார். அதன் வயரை ரேக்கின் எர்த்தோடு இணைப்பார். இது ஆளைக் காப்பாற்ற அல்ல. நம் உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் பாய்ந்து ரவுட்டருக்குள் இருக்கும் கார்டு கெட்டுவிடக் கூடாது என்பதற்காக. அந்த அக்கறையை நாம் குறை சொல்லவில்லை. கேட்பது ஒன்றுதான்: அதே ரவுட்டருக்கு வரும் ஃபைபர் கேபிளை இழுக்க, வாசலில் இருக்கும் குழிக்குள் இறங்குகிறவருக்கு என்ன மாட்டிவிடுகிறீர்கள்?

அவருக்குப் பெயர் 'ஹெல்பர்'. பள்ளம் வெட்டுவது, கேபிள் டிரம் உருட்டுவது, கம்பத்தில் ஏறுவது, குழியில் இறங்குவது எல்லாம் அவர். எந்த ஊர், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள் தோழர்களே. நாம் கேட்ட இடங்களில் திரும்பத் திரும்ப வந்த பதில், 'காலனி'. கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். காண்ட்ராக்டருக்குத் தெரியும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைப் பெருமையாகப் பேசுகிறோம். இணையட்டும், நமக்கும் அது வேண்டும். ஆனால் கேபிள் தானாக நடந்து போய் ஊராட்சி அலுவலகத்தில் ஏறிக்கொள்ளவில்லை. அதை இழுத்த கைக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டியவை இவை:

ஃபைபரில் ஓடும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமையும் தானாக மூடாது. வெளிச்சம் வருகிறதா என்று கேபிள் நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. பார்க்க வேண்டியது பவர் மீட்டரில்.

ஃபைபர் என்பது கண்ணாடி. தலைமுடி அளவு மெல்லியது. வெட்டும்போது தெறிக்கும் துண்டு தோலில் ஏறினால் தேடினாலும் கிடைக்காது. கண்ணாடி அணிய வேண்டும். துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போட வேண்டும். அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது.

பெரிய ரவுட்டர் நூறு கிலோவைத் தாண்டும். கார்டுகளைக் கழற்றிவிட்டு, தூக்கும் கருவி வைத்துத்தான் ஏற்ற வேண்டும். எர்த் வயரை முதலில் இணைக்க வேண்டும், கடைசியில் கழற்ற வேண்டும். பவர் கேபிளைத் தொடுமுன் பிரேக்கரை அணைத்துப் பூட்ட வேண்டும்.

ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கம்பியுள்ள ஈதர்நெட் கேபிளை வெளியே இழுத்தால், இடி விழும்போது மின்சாரம் அதன் வழியே பாய்ந்து வரலாம். அங்கே உலோகம் இல்லாத ஃபைபர் போடுவதே சரி.

இதில் எது ரகசியம்? நிறுவனங்களே அச்சடித்துத் தரும் கையேட்டின் முதல் அத்தியாயத்தில் இருப்பவைதான். ஆனால் அது ஆங்கிலத்தில், ஏசி அறையில், பொறியாளர் மேசையில் இருக்கிறது. ஹெல்பருக்கு 'போகப் போகத் தெரியும்' என்கிறார்கள். கண் போன பிறகு தெரிந்து என்ன பயன்?

குழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேபிள் குழி சாக்கடை அல்ல, அதனால் ஆபத்தில்லை என்பது காண்ட்ராக்டர் வாதம். பக்கத்தில் போகும் சாக்கடைக் குழாய் கசிந்தால் அந்த வாயு இந்தக் குழிக்குள்ளும் வந்து தேங்கும். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு வாசனை பிடிப்பதையே நிறுத்திவிடும். 'நாற்றம் இல்லை, இறங்கு' என்பது கொலைக்குச் சமம். சாக்கடைக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவ்வளவும் எத்தனையோ உயிர்களைக் கொடுத்து, போராடி வாங்கியவை. கேபிள் குழிக்கும் அதேபோல் பிணங்களை எண்ணிக் காட்டினால்தான் கேட்பார்களா?

நம் கோரிக்கைகள் நான்கு. வாயுவை அளக்காமல், மேலே ஒருவரை நிறுத்தாமல் யாரையும் குழியில் இறக்கக் கூடாது. கேபிளைத் தொடும் ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு தமிழில் பயிற்சி வேண்டும். பயிற்சி முடித்தவருக்குச் சான்றிதழும், ஹெல்பர் வேலையிலிருந்து ஸ்பிளைசிங் வேலைக்கும் ரவுட்டர் வேலைக்கும் ஏறும் வழியும் வேண்டும். விபத்து நடந்தால் துணை ஒப்பந்தக்காரரைக் கைகாட்டிவிட்டு, வேலை கொடுத்த நிறுவனம் தப்பக் கூடாது.

மூன்றாவது கோரிக்கைக்குத்தான் அதிக எதிர்ப்பு வரும். ஹெல்மெட் கொடுத்துவிடுவார்கள். தொழிலைக் கொடுக்க மாட்டார்கள். உழைப்பவர்களையே தட்டுத் தட்டாக அடுக்கி, மேல் தட்டுக்கு ஏறும் படியை உடைத்து வைப்பதுதான் சாதியின் வேலை. இங்கே கேபிள் நுனியில் அது நடக்கிறது. பாதுகாப்பு அறிவைத் தராமல் இருப்பதும் அந்தப் படியை உடைப்பதுதான், ஏனென்றால் பாதுகாப்பாகச் செய்யத் தெரிந்தவனை ஹெல்பர் என்று நெடுநாள் கூப்பிட முடியாது.

பொறியியலும் பாலிடெக்னிக்கும் படிக்கும் தோழர்களே, உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் ரவுட்டரின் கையேட்டில் பாதுகாப்பு அத்தியாயத்தை எடுங்கள். இரண்டு பக்கத்தில், பேச்சுத் தமிழில், படத்தோடு எழுதுங்கள். உங்கள் தெருவில் கேபிள் வேலைக்குப் போகும் அண்ணன்களிடம் கொடுங்கள். அவர்கள் அனுபவத்தையும் கேட்டுச் சேருங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து அந்தத் தாளைக் காண்ட்ராக்டர் முன் வையுங்கள்: இதில் உள்ளதெல்லாம் தந்தால்தான் இறங்குவோம்.

ஜெய் பீம்.