பியூஸைப் பெரிதாக்குவது பரிகாரமாகாது

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், திருவொற்றியூர், மணலி முதலிய இடங்களில் வெள்ளம் சூழ்ந்து, பல வீடுகளில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றுபோயிற்று. மாடியில் சோலார் தகடும் கீழே பாட்டரியும் வைத்துக்கொள்ள அப்பக்கத்தாரும் மீஞ்சூர், பொன்னேரிக் குடியானவர்களும் விரும்புவது நியாயமே. ஆனால் இதனுடன் ஒரு கெட்ட வழக்கமும் காணப்படுகிறது. பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவிலுள்ள பிரேக்கர் இரண்டொரு முறை டிரிப் ஆனவுடன், 63 ஆம்பியரை நீக்கி 100 ஆம்பியர் போட்டுவிடுகிறார்கள். பியூஸாயின் செம்புக் கம்பியை முறுக்கி வைத்துவிடுகிறார்கள். இதனை அடியோடு ஆட்சேபிக்கிறேன்.

பிரேக்கர் முக்கியமாய்க் காப்பது ஒயரையே. ஒயர் தாங்குவதற்கு மேற்பட்ட பிரேக்கரைப் போட்டால், பிறகு பியூஸாக எரிவது அந்த ஒயர்தான். சோலார் தகடு ஷார்ட் ஆனாலும் தன் வழக்கமான ஓட்டத்தைவிடச் சிறிதே அதிகம் கொடுக்கும். பாட்டரியோ ஆயிரக்கணக்கான ஆம்பியரை ஒரே கணத்தில் கக்கவல்லது. ஆகையால் அதன் பிளஸ் முனைக்கு வெகு சமீபத்தில் பியூஸ் இருத்தல் அவசியம்.

பகலில் ஒழுங்காயிருந்து இரவில் டிரிப் ஆகிறதென்று பலர் முறையிடுவர். 1,000 வாட் சுமையானது 24 வோல்ட் பாட்டரியில், இன்வெர்ட்டர் நஷ்டத்தையும் சேர்த்து, சுமார் 48 ஆம்பியர் இழுக்கும். பாட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் அதே சுமைக்கு 55 ஆம்பியர் வேண்டும். அச்சமயம் தண்ணீர் மோட்டாரையும் போட்டால், அது புறப்படும் கணத்தில் தன் வழக்கத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். பிரேக்கர் விழாமல் என்ன செய்யும்? எண்ணூரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அனல் மின் நிலையச் சாம்பல் தகடுகளின்மேல் படிந்தால் பாட்டரி நிறையச் சார்ஜ் ஆவதில்லை. அங்கே பரிகாரம் கடையில் இல்லை. விடியற்காலையில், தகடு சூடேறுமுன், ஒரு குடம் தண்ணீரிலும் மெல்லிய துணியிலும் இருக்கிறது.

கடற்காற்றின் உப்பு வேறொரு விதமாய்க் கெடுக்கும். முனைகளில் பச்சை பூத்து, திருகு தளர்ந்து, இணைப்புச் சூடேறும். ஓட்டம் அளவுக்குள் இருக்கும்போதே அந்தச் சூட்டினால் பிரேக்கர் விழும். அரைமணி நேரம் சுமை ஓடிய பிறகே டிரிப் ஆகிறதா, ஒரு திருகினருகே ஒயரின் உறை கறுத்திருக்கிறதா என்று பார்த்தால் இது விளங்கும். பாட்டரியைத் துண்டித்த பின்னரே திருகைத் தொடவேண்டும். எல்லாச் சுமையையும் நிறுத்திய பின்பும் போட்டவுடனே விழுமாயின் ஷார்ட் என்று சந்தேகித்து, மறுபடி போட்டுப் பாராமல் தேர்ந்த மின் பணியாளரை அழைப்பதே உசிதம். பலமுறை விழுந்த பிரேக்கர் தளர்ந்துபோவதும் உண்டு. அப்போதும் அதே ஆம்பியரில் புதிது போடவேண்டுமேயன்றி அதிகத்தில் அன்று.

வீட்டுச் சுவரிலிருக்கும் ஏ. ஸி. பிரேக்கரைப் பாட்டரிக்குப் போடுவது மகா அபாயம். ஏ. ஸி. ஓட்டம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி அணைந்துவிடும், டி. ஸி. ஓட்டத்தில் அவ்வாறு நேராது. டி. ஸி. என்று குறித்து, பாட்டரியின் வோல்ட்டுக்குத் தக்கதாயிருப்பதையே வாங்கவேண்டும். பிளஸ், மைனஸ் குறியிருந்தால் மாற்றிப் பூட்டலாகாது.

பஞ்சாயத்துக் கட்டடங்களில் இவ்வேலை நடக்கும்போது கிராம உத்தியோகஸ்தர்கள் ஒன்றைக் கட்டாயப்படுத்தலாமென்பது என் அபிப்பிராயம். பாட்டரியின் வோல்ட், ஒயரின் கனம், பியூஸின் ஆம்பியர், பூட்டிய தேதி ஆகிய இவற்றை ஒரு தகரத்தில் எழுதிப் பிரேக்கரின் அருகே அடித்தாலன்றிக் கண்டிராக்டருக்குப் பணம் பட்டுவாடா செய்யலாகாது.